ஆகஸ்ட் 1ஆம் தேதித் தலைக்கணக்கு

தமிழ்நாட்டில் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்கள் என்பது ஆண்டில் ஒரே ஒரு நாளை வைத்து முடிவாகிறது. ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ, அதுதான் பணியாளர் நிர்ணயத்துக்குக் கணக்கு. 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை 3 பேர், 120 வரை 4 பேர், 200 வரை 5 பேர். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை இப்படித்தான் சொல்கிறது. 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது தாளில் பார்க்க நல்ல விகிதம்.

இதைக் கொண்டுபோய் மதுரை மாவட்டத்தில் சேடபட்டிப் பக்கமோ கொட்டாம்பட்டிப் பக்கமோ ஒரு கிராமத்துப் பள்ளியில் பொருத்திப் பாருங்கள். 40 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். விகிதம் 20க்கு 1. சட்டம் கேட்பதைவிடவும் மேல். ஆனால் அந்த 40 பேரும் ஒரே வகுப்பில் இல்லை, 1 முதல் 5 வரை 5 வகுப்புகளில் சிதறிக் கிடக்கிறார்கள். முதல் இரண்டு வகுப்புகளுக்குத் தலா 4 பாடம், அடுத்த மூன்று வகுப்புகளுக்குத் தலா 5 பாடம் என்று கூட்டினால் 23 பாடங்கள். இரண்டு பேர் 23 பாடங்களை நடத்த வேண்டும். அதில் ஒருவர் தலைமையாசிரியர். ஈராசிரியர் பள்ளி என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் சொல்லுக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

நம்முடைய பள்ளிக் கல்விக்கு என்ன கேடு என்று கேட்டால் நீட், புதிய கல்விக் கொள்கை, ஆங்கில வழி, தனியார் கட்டணம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாமே பேச வேண்டியவைதான். ஆனால் மதுரை மாவட்டத்தின் மேற்கையும் வடக்கையும் சுற்றிப் பார்க்கிற எவருக்கும் அடியில் கிடக்கும் சிக்கல் ஒன்று தெரியும். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவருவதில் நாம் ஜெயித்துவிட்டோம், வந்த பிள்ளையை முதல் மூன்று வகுப்புக்குள் வாசிக்க வைப்பதில் தோற்றுக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பெரிய காரணம், ஆசிரியர்களை வகுப்புக்கணக்கில் கொடுக்காமல் தலைக்கணக்கில் பங்கிடுவது.

ஈராசிரியர் பள்ளியின் ஒரு நாளைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். காலையில் வருகைப்பதிவை, பள்ளிக் கல்வித் துறையின் தகவல் பதிவுக்கான எமிஸ் செயலியில் ஏற்ற வேண்டும். சத்துணவுக்கு எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் போக வேண்டும். சீருடை, புத்தகப்பை, காலணி வந்திருந்தால் அவற்றின் கணக்கு. அதற்கு நடுவே வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஏதாவது படிவம் வாட்ஸ்அப்பில் வந்து விழும், மதியத்துக்குள் வேண்டும் என்பார்கள். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போனால், அல்லது குறுவள மையத்தில் பயிற்சி என்றால், அன்று 40 பேருக்கும் ஒரே ஆசிரியர். வாக்காளர் பட்டியல் வேலை வந்தால் அதிலும் ஆசிரியர்தான் வீடு வீடாகப் போகிறார். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், மகப்பேறு விடுப்பு என்றாலும் அதே கதைதான். மாற்றுப்பணியில் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஆள் அனுப்புவார்கள், அப்போது அந்தப் பக்கத்துப் பள்ளி ஓராசிரியர் பள்ளியாகிவிடும்.

இந்தியா முழுவதும் ஒரே ஆசிரியரை வைத்து நடக்கும் பள்ளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருப்பதாக மத்திய அரசின் 2024-25 புள்ளிவிவரமே சொல்கிறது. பதிவேட்டில் இரண்டு பேர் இருந்தும் பல நாட்கள் ஒருவரால் மட்டும் நடக்கும் பள்ளிகள் அந்தக் கணக்கில் வராது.

சரி, ஆசிரியர் குறைவாக இருந்தால் என்ன, பிள்ளைகள் பாடப்புத்தகத்தைப் பார்த்துப் படித்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்கலாம். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது பொருந்தும். வாசிக்கக் கற்றுக்கொள்வது வேறு சங்கதி. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தமிழ்ப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். பிள்ளை கணீரென்று பாடத்தைச் சொல்லிக்கொண்டே போகும், விரல் மட்டும் இரண்டு வரி தள்ளி நிற்கும். பக்கத்தின் நடுவில் ஏதோ ஒரு வரியைக் காட்டி இதைப் படி என்றால் குரல் அடங்கிவிடும். அது படிக்கவே இல்லை, காதால் கேட்டதை ஒப்பித்திருக்கிறது.

எங்கே தடுக்குகிறது என்று கூர்ந்து பார்த்தால் பெரும்பாலும் உயிர்மெய்யில்தான். க, கா, கி, கீ வரை ஓடும். கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கத் தொடங்கியதும் குழப்பம். ‘தொட்டி’ என்ற சொல்லைப் பார்த்தால், முன்னால் இருக்கும் கொம்பையும் பின்னால் இருக்கும் காலையும் ஒரே எழுத்தின் பாகங்களாகச் சேர்த்துப் பார்க்கத் தெரியாமல், காலை ‘ர’ என்று எடுத்துக்கொண்டு ‘தெரட்டி’ என்று படிக்கும். மந்த புத்தியால் வருவதில்லை இது. பழக்கப்படாத கண் இப்படித்தான் பார்க்கும். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, விரலைப் பிடித்து, நாளுக்குப் பத்து நிமிடம் என்று சில மாதங்கள் செய்தால் தீர்ந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்க, 5 வகுப்புகளை ஒரே அறையில் வைத்திருக்கும் ஆசிரியரிடம் நேரம் எங்கே இருக்கிறது? நாலாம் வகுப்புக்குக் கரும்பலகையில் கணக்கு எழுதிப் போட்டுவிட்டு ஒன்றாம் வகுப்புப் பக்கம் திரும்புவதற்குள் மணி அடித்துவிடும்.

ஆண்டறிக்கைகளில் இது எண்ணாகத் தெரிகிறது. கிராமப்புறப் பிள்ளைகளை வீட்டுக்கே போய்ச் சோதிக்கும் ஏசர் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 5ஆம் வகுப்புப் பிள்ளைகளில் 2ஆம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 2018இல் 10 பேருக்கு 4 பேராக இருந்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு 2022இல் 4 பேருக்கு ஒருவராகக் குறைந்தார்கள். அதன் பிறகு கொஞ்சம் மேலேறியிருக்கிறது. ஆனால் கொரோனாவுக்கு முன்பே பாதிக்கு மேற்பட்டோரால் படிக்க முடியவில்லை என்பதை மறக்கக் கூடாது. கிருமி வந்துதான் எல்லாம் கெட்டது என்று சொல்லிவிட முடியாது.

8ஆம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பது தமிழ்நாடு உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் கொள்கை. எனக்கும் அது சரியென்றே படுகிறது. பெயிலாக்கினால் பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்ளாது, செங்கல் சூளைக்கோ மில்லுக்கோ போய்விடும். ஆனால் இந்தக் கொள்கையால், இரண்டாம் வகுப்பில் விட்டுப்போனது ஒன்பதாம் வகுப்பு வரை வெளியே தெரியாமல் கூடவே வருகிறது. தெரியவரும் இடம் பொதுத்தேர்வு. 2022இல் 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ்ப் பாடத்தில் மட்டும் சுமார் 47,000 பேர் தேர்ச்சி பெறவில்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வு நாளன்று 50,000க்கும் மேற்பட்டோர் தேர்வறைக்கே வரவில்லை. அப்போது சட்டமன்றம் வரை பேச்சு போனது. ஏன் வரவில்லை என்று அந்தந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்டார்கள். அந்தப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அவர்களின் தொடக்கப்பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள் இருந்தார்கள் என்று கேட்டிருந்தால் இன்னும் பயன்பட்டிருக்கும்.

இத்தனையும் சொல்லிவிட்டு, ஜெயித்ததைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலத் திட்டமானது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை நெல்பேட்டை அருகே ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள். அப்புறம் மாநிலம் முழுக்கவும், பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் போனது.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் இந்தக் காலை உணவின் அருமை தெரிய மல்லித் தோட்டங்களைப் பார்க்க வேண்டும். மல்லிகை மொட்டை வெயில் ஏறுவதற்கு முன்பே பறித்தாக வேண்டும், விரிந்துவிட்டால் விலை போய்விடும். சீசன் நாட்களில் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களில் இருட்டு பிரிவதற்குள்ளேயே அம்மா காட்டில் இருப்பார். கூலி எடைக்குத்தான், ஆளுக்கு அல்ல. அதனால் பிள்ளையின் விரலும் கூடச் சேரும். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை போன பிறகுதான் வீட்டில் அடுப்பு. அதற்குள் பள்ளி மணி அடித்திருக்கும். முன்பெல்லாம் இப்படி வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்கு 11 மணிக்கெல்லாம் கண் சொருகும். இப்போது பள்ளியிலேயே உப்புமாவோ பொங்கலோ சாம்பாரோடு கிடைக்கிறது. வந்து உட்கார்ந்த பிள்ளை விழித்திருக்கிறது. ஆனால் விழித்திருக்கும் பிள்ளைக்கு எழுத்தைக் காட்ட ஆள் வேண்டுமே.

மேல்படிப்பிலும் எண்ணிக்கை நமக்கு நல்லதுதான். 2021-22இல் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 என்றால் தமிழ்நாட்டில் 47. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும், பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டமும் கிராமத்துப் பிள்ளைகளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுபோகின்றன. போனபின் அங்கே காத்திருப்பது பல இடங்களில் நிரந்தரமில்லாத கௌரவ விரிவுரையாளர்களும், நிதியில்லாத நிர்வாகமும்தான். 1966இல் தொடங்கிய மதுரை காமராசர் பல்கலைக்கழகம், சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் திணறிய செய்திகளைச் சில ஆண்டுகளாகப் பார்த்துவருகிறோம். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சிறிய பள்ளிகள் ஏன் இன்னும் சிறிதாகின்றன என்பதற்கு வருகிறேன். முதல் காரணம் யாருடைய குற்றமும் அல்ல. பிறப்பு குறைந்திருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். ஒரு தலைமுறைக்கு முன் 120 பிள்ளைகள் இருந்த ஊரில் இன்று பள்ளி வயதில் 60 பேர் இருந்தாலே அதிகம். அந்த 60 பேரில் பாதியை மஞ்சள் வேன் ஏற்றிக்கொண்டு போகிறது.

வேனில் பிள்ளையை ஏற்றிவிடும் பெற்றோரைக் குறை சொல்வது சுலபம். ஆங்கில மோகம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மோகம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தத் தாயிடம் நின்று பேசினால் வேறொன்றும் வெளிவரும். “அங்க ஒரு கிளாசுக்கு ஒரு மிஸ் இருக்காங்க சார். இங்க அஞ்சு கிளாசையும் ஒண்ணா உக்கார வச்சிருக்காங்க” என்பார். அந்த மிஸ் ஆசிரியர் பயிற்சி முடித்தவராக இல்லாமல் இருக்கலாம், சம்பளம் சொற்பமாக இருக்கலாம். ஆனாலும் வகுப்புக்கு ஒருவர் என்பதைத் தாய் சரியாகவே கவனித்திருக்கிறார். அதற்காகத்தான் நகையை அடகு வைக்கிறார். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தும், 2019இல் 2,381 நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வந்தும் வேன்கள் குறையாததற்கு இதுவும் ஒரு காரணம். பலகையில் ஆங்கில வழி என்று எழுதினாலும் உள்ளே அதே இரண்டு பேர்தான்.

ஆக, சுற்று இப்படி ஓடுகிறது. ஆசிரியர் போதவில்லை என்று நான்கு வீட்டார் பிள்ளையை எடுத்துவிடுகிறார்கள். ஆகஸ்டில் எண்ணிக்கை 61இலிருந்து 57 ஆகிறது. மூன்றாவது ஆசிரியர் உபரி ஆகிறார். உபரி ஆசிரியர்களைத் தேவையுள்ள பள்ளிக்கு மாற்றும் பணிநிரவலில் வேறு ஒன்றியத்துக்குப் போகிறார். மூன்று பேர் பார்த்த 5 வகுப்பை இரண்டு பேர் பார்க்கிறார்கள். அடுத்த ஜூனில் இன்னும் ஆறு வீடுகள் வேன் பக்கம் போகின்றன. இதில் ஒவ்வொருவரும் தமக்குச் சரியானதையே செய்கிறார்கள், அதிகாரி உட்பட. பள்ளிதான் தேய்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் வெயிலில் ஆசிரியர்கள் பதாகை பிடித்துக்கொண்டு மாணவர் சேர்க்கைப் பேரணி போவது தங்கள் பணியிடத்தைக் காப்பாற்றவும்தான்.

எஞ்சியிருக்கும் பிள்ளைகள் யார்? ஊரிலேயே வசதி குறைந்தவர்கள். மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதி மானாவாரி பூமி. மழை பொய்த்தால் பிழைப்பு வெளியூரில்தான். கரும்பு வெட்டப் போகிறவர்கள், சூளைக்குப் போகிறவர்கள், முறுக்கும் சேவும் சுட்டு விற்க ஆந்திரா, கேரளா என்று போகிறவர்கள். உசிலம்பட்டி, செல்லம்பட்டிப் பக்கம் இப்படிப் போன குடும்பங்கள் நிறைய. பிள்ளை அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ இருக்கும். சோறு கிடைக்கும், பாசமும் கிடைக்கும். சாயங்காலம் புத்தகத்தை எடுத்து வைத்துப் படி என்று சொல்ல, எழுதப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருக்க மாட்டார். கூட அழைத்துப் போனால் நிலைமை இன்னும் மோசம். எமிஸில் பெயர் எந்தப் பள்ளியிலும் சேராத பொதுத்தொகுப்புக்குப் போகும், ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது வகுப்பு எங்கோ போயிருக்கும். தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வீட்டிலும் டியூஷனிலும் ஆள் உண்டு. இந்தப் பிள்ளைக்கு ஆசிரியரை விட்டால் வேறு ஆள் இல்லை. ஆசிரியர் மிக அதிகமாகத் தேவைப்படும் பள்ளியில்தான் நம் கணக்கு ஆசிரியரைக் குறைக்கிறது.

சாப்டூர் மலையடிவாரத்துப் பளியர் பிள்ளைகளுக்கும், பரவை சத்தியமூர்த்தி நகரின் காட்டுநாயக்கன் பிள்ளைகளுக்கும் இதற்கு மேலும் ஒரு மதில் இருக்கிறது. பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் கேட்டுச் சத்தியமூர்த்தி நகர் மக்கள் போராடியதை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எவ்வளவுதான் படித்தாலும் உதவித்தொகைக்கும் கல்லூரி இடத்துக்கும் அந்தத் தாள் வேண்டும். அண்ணனுக்கு அது கிடைக்காததைப் பார்த்த தம்பி எட்டாவதோடு நிற்பதில் என்ன ஆச்சரியம்?

பள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் என்ன என்ற யோசனை அடிக்கடி வரும். 20 பிள்ளைகளுள்ள மூன்று பள்ளிகளை இணைத்தால் 60 பேர், மூன்று பள்ளிகளின் 6 ஆசிரியர்களும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்று கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதே அட்டவணைப்படி 60 பேருக்கு 2 ஆசிரியர்தான். அடுத்த ஆகஸ்டில் மற்ற 4 பேரும் உபரி. சேர்த்த பள்ளியில் வகுப்புக்கு ஒருவர் என்று எழுதிக் கொடுக்காத வரை இணைப்பு என்பது மூடுவிழாதான். அதோடு, நம் கிராமங்களில் பள்ளி எந்தத் தெருவில் இருக்கிறது என்பது சாதாரண விஷயம் இல்லை. காலனிப் பக்கம் இருக்கும் பள்ளிக்கு ஊர்த்தெருப் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். ஊர்த்தெருப் பள்ளிக்குக் காலனிப் பிள்ளை போனால் என்ன நடக்கும் என்ற பயம் அந்தத் தாய்க்கு இருக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்கள் சாதிப் பகையில் வீடு புகுந்து ஒரு பட்டியலின மாணவனை வெட்டிய பிறகு, அந்தப் பயத்தை வீண் பயம் என்று யாரும் சொல்ல முடியாது.

நாங்குநேரிக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், சாதிப் பெயர் தாங்கிய பள்ளிகளை எல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரச் சொன்னது. அதில் நம் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் வரும். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் முந்நூறுக்கு நெருக்கமாக இருக்கும் இந்தப் பள்ளிகளின் வரலாறு ரத்தத்தில் தொடங்குகிறது. குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள், மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். அந்தக் கள்ளர் சமூக மக்களுக்காக அதே காலத்தில் தொடங்கிய பள்ளிகள்தான் இவை. உசிலம்பட்டிப் பக்கத்தில் முதல் தலைமுறை பட்டதாரிகள் பலரையும் உருவாக்கியவை. அதனால் இணைப்பை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்ததை வெறும் சாதிப்பற்று என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தாத்தாக்கள் உயிரைக் கொடுத்துப் பெற்ற ஒன்றைப் பறிக்கிறார்கள் என்ற உணர்வு அது. அதே சமயம், பலகையை மாற்றுவதா வேண்டாமா என்ற சண்டைக்கு நடுவில், அந்தப் பள்ளிகளுக்குள் எத்தனை ஆசிரியர் இருக்கிறார்கள் என்ற கேள்வி காணாமல் போனது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் இதே நிலைதான். துறை எதுவானாலும் ஆகஸ்ட் கணக்கு ஒன்றுதான்.

கொரோனா காலம் ஒரு பாடம் நடத்திவிட்டுப் போனது. 2021 அக்டோபரில் அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஊரிலேயே இருந்த இளம்பெண்கள் மாலையில் இருபது பிள்ளைகளைத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் கிராமப்புறப் பிள்ளைகள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டார்கள் என்றும், அந்த மீட்பில் ஏறக்குறைய கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்றும் தமிழ்நாட்டிலேயே பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஸ்மார்ட் போர்டு எதுவும் இல்லாமல், சின்னக் குழுவும், பக்கத்தில் உட்கார ஒரு ஆளும் சேர்ந்து செய்த வேலை இது. திட்டம் பின்னர் சுருங்கிவிட்டது. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் சரியான இடத்தில் கை வைத்தது. பிள்ளைகளை வகுப்புவாரியாக அல்லாமல் கற்றல் நிலைவாரியாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பது, பல வகுப்பை ஒரே அறையில் நடத்தும் பள்ளிக்குப் பொருத்தமானது. மோசமான திட்டம் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு நிலைக்கும் தனிச் செயல்பாடு, தனிப் பயிற்சிநூல், அப்புறம் செயலியில் மதிப்பீடு. அதற்கும் ஆள் இரண்டு பேர்தான். நடுநிலை, உயர்நிலை வகுப்பில் வாசிக்கத் திணறுபவர்களுக்கு இப்போது திறன் என்ற திட்டம் வந்திருக்கிறது. ஆறாம் வகுப்பில் அதைத் தொடங்க வேண்டியிருக்கிறது என்பதே, முதல் ஐந்தாண்டில் என்ன விட்டுப்போனது என்பதற்குச் சாட்சி.

பணம் இல்லையா என்றால், இருக்கும் பணமும் சிக்கலில் இருக்கிறது. ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் 100க்கு 60 மத்திய அரசு தர வேண்டும். புதிய கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25க்கான 2,152 கோடி ரூபாயை டில்லி நிறுத்தியது. மும்மொழியை ஏற்க மாட்டோம் என்று மாநிலமும் உறுதியாக நின்று, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மொழிக் கொள்கையில் மாநிலத்தின் நிலைப்பாடு எனக்குச் சரியாகவே தெரிகிறது. ஒரு கொள்கைக் கருத்து வேறுபாட்டுக்காகப் பிள்ளைகளின் காசை நிறுத்துவது அடாவடி. அந்த நிதியிலிருந்துதான் மாற்றுத்திறன் பிள்ளைகளின் சிறப்பாசிரியர்கள் ஊதியமும், பள்ளி தொலைவில் இருக்கும் குக்கிராமப் பிள்ளைகளின் போக்குவரத்துச் செலவும், கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 விழுக்காட்டு இடத்துக்கான தொகையும் வருகின்றன. அந்த இடங்களுக்கான 2025-26 சேர்க்கை, பள்ளிகள் திறந்தும் மாதக்கணக்கில் தள்ளிப்போனது.

பணத் தட்டுப்பாட்டில் முதலில் நிற்பது நியமனம். காலி இடத்தில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர், தொடக்க வகுப்புகளுக்கான இடைநிலை ஆசிரியர் என்றால் மாதம் 12,000 ரூபாய். 2022 ஜூலையில் இந்த நியமனமே மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் இடைக்காலத் தடைக்கு உள்ளாகி, தகுதித் தேர்வு தேறியவர்களுக்கு முன்னுரிமை என்ற பிறகே நகர்ந்தது. ஓவியம், உடற்கல்வி, கணினி சொல்லித்தரும் பகுதிநேர ஆசிரியர்கள் 2012இல் 5,000 ரூபாயில் சேர்ந்து, இன்னும் நிரந்தரத்துக்காகப் போராடுகிறார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் எல்லோரும் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வு தேற வேண்டும் என்றது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவர் இப்போது மாலையில் தன் தேர்வுக்குப் படிக்கிறார்.

நகரத்துக்குள் வந்தால் சங்கப் பெண்பாற்புலவர்களின் பெயரைத் தாங்கிய மாநகராட்சிப் பள்ளிகள் நமக்கு இருக்கின்றன. வெள்ளிவீதியார், காக்கைபாடினியார், பொன்முடியார், ஔவை. இந்தப் பெயர்களில் பள்ளி வைத்த ஊர் வேறு எங்கும் இருக்கும் என்று தோன்றவில்லை. மேல்வகுப்புகளில் கூட்டம் குறையாத பள்ளிகள் நகரில் உண்டு, மாநகராட்சித் தொடக்கப்பள்ளிகள் பலவும்தான் கிராமத்துப் பள்ளியைப்போல் தேய்கின்றன. கட்டடமும் இடமும் வேறு கவலை. யானைமலை அருகே கொடிக்குளம் ஒன்றிய நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க இடம் வேண்டியிருந்தபோது, ஆயி பூரணம் அம்மாள், மறைந்த தன் மகள் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக் கொடுத்தார். 2024 குடியரசு தின விழாவில் முதலமைச்சரின் சிறப்பு விருது அவருக்குக் கிடைத்தது. கோடிக்கணக்கில் மதிப்புள்ள நிலம். அந்த அம்மாவைக் கும்பிடத் தோன்றுகிறது. இன்னொரு ஊரில் அப்படி ஒருவர் இல்லாவிட்டால் அங்குள்ள பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு டவுன் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்க வேண்டும் என்பதுதான் வேதனை.

என்ன செய்யலாம்? சட்டத்தின் அட்டவணை குறைந்தபட்ச அளவுதான். அதற்கு மேல் கொடுக்க மாநிலத்துக்கு எந்தத் தடையும் இல்லை. எவ்வளவு சின்னப் பள்ளியானாலும் மூன்று ஆசிரியர் என்று ஓர் அரசாணை போட்டால் போதும். ஒருவர் 1, 2ஆம் வகுப்பை மட்டும் வைத்துக்கொள்வார், எமிஸும் கூட்டமும் அவரைத் தொடக் கூடாது. ஒரே ஆண்டில் எண்ணிக்கை குறைந்ததும் ஆளை எடுக்காமல் மூன்றாண்டு பொறுத்துப் பார்க்கலாம். கணக்கு வேலைக்கு ஐந்தாறு பள்ளிகளுக்குச் சேர்த்து ஓர் எழுத்தரைப் போடலாம், ஆசிரியர் சம்பளத்தைவிடக் குறைவாகவே ஆகும். வெளியூர் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்தந்தப் பருவத்தில் ஊரிலேயே தங்கிப் படிக்க உண்டு உறைவிட மையங்களைக் கூட்டலாம். இதில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு இல்லை, ஆசிரியர் சங்கங்கள் நெடுநாளாகக் கேட்பவைதான்.

அதுவரை ஊர்க்காரர்கள் கையில் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெரும்பான்மை பெற்றோர், தலைவர் ஒரு தாய். கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர் என்று தீர்மானம் போடுகிறார்கள், அவையும் வேண்டியவைதான். அதே தீர்மானப் புத்தகத்தில், போன பருவத்தில் எத்தனை நாள் பள்ளி ஒரே ஆசிரியரோடு நடந்தது என்பதையும், மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் பார்க்காத பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தால் படிக்கிறார்கள் என்பதையும் எழுதி, தேதியோடு கையெழுத்திட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பலாம். வருகைப்பதிவேடு அங்கேயே இருக்கிறது, பிள்ளைகளும் அங்கேயே இருக்கிறார்கள். ஒரு சாயங்காலம் போதும்.